எந்தக் கேஸுக்கு எந்தக் கோர்ட்டு, எத்தன நாளுக்குள்ள: தோட்டத்து ஆளுங்களுக்கு ஒரு கைடு

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் நம்ம தோட்டத்து ஆளுங்ககிட்ட கோர்ட்டுன்னு பேச்ச எடுத்தாலே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "ஐயோ அங்கல்லாம் போனா காசுதான் கரையும் லா". இன்னொண்ணு கோவத்துல வர்றது, "ஹை கோர்ட்டு வரைக்கும் போறேன் பாரு". எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) கூலி பாக்கிக்கு ஹை கோர்ட்டுல வேலையே இல்ல, அதே சமயம் அஞ்சு வெள்ளி கட்டி லோயர் இல்லாமலே முடிச்சிருக்கக்கூடிய விஷயத்துக்கு காசு கரையும்னு பயந்து வீட்டுலயே உக்காந்துடறாங்க. நான் லோயர் கிடையாது, யூனியன் வேலையா ஆளுங்கள கூட்டிக்கிட்டு லேபர் ஆபீஸு, பாலாய் (போலீஸ் ஸ்டேஷன்), கோர்ட்டுன்னு அலைஞ்சவன். நான் பாத்த வரைக்கும் நம்மாளுங்க தோக்கறது பெரும்பாலும் நியாயம் இல்லாததால இல்ல, தப்பான எடத்துக்கு போறதாலயும் நாள விட்டுடறதாலயும்தான். அதனால யாரு பக்கம் நியாயம்ங்கறத பத்தி இதுல பேசப் போறதில்ல, எந்தக் கோர்ட்டுக்கு என்ன பவரு, எத்தன நாளுக்குள்ள போகணும், அவ்வளவுதான்.

மொதல்ல கோர்ட்டு வரிசை

அடியில மஜிஸ்ட்ரேட் கோர்ட்டு, அதுக்கு மேல செஷன்ஸ் கோர்ட்டு. இந்த ரெண்டும் கீழ்க்கோர்ட்டு, 1948ல போட்ட ஒரு சட்டந்தான் இதுங்களுக்கு பவர் குடுக்குது. அதுக்கு மேல ஹை கோர்ட்டு, தீபகற்பத்துக்கு ஒண்ணு, சபா சரவாக்குக்கு ஒண்ணு, நமக்கு கிட்ட இருக்கறது ஈப்போ கிளை. அதுக்கும் மேல புத்ராஜெயாவுல அப்பீல் கோர்ட்டு, உச்சியில ஃபெடரல் கோர்ட்டு, ரெண்டும் இஸ்தானா கெஹாக்கிமான்ங்கற அந்தப் பெரிய கட்டடத்துலதான் இருக்கு. பழைய ஆளுங்க சிலர் இன்னமும் "லண்டன் வரைக்கும் இழுப்பேன்"னு சொல்லுவாங்க, அது சும்மா சொல்றது இல்ல, முன்னாடி நெஜமாவே பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போகும், 1985 ஜனவரி 1ல அது முழுசா நின்னு போச்சு. கம்பத்துல ஊர்த்தலைவர் நடத்துற பெங்ஹுலு கோர்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் 2013ல எடுத்துட்டாங்க.

இப்ப பவரு. கிரிமினல் கேஸுல, அதிகபட்சம் பத்து வருஷம் வரைக்கும் ஜெயில் போடக்கூடிய குத்தம்னா மஜிஸ்ட்ரேட் விசாரிக்கலாம். ஆனா அவரு தன் கையால குடுக்கக்கூடிய தண்டனை அஞ்சு வருஷம் ஜெயிலு, பத்தாயிரம் வெள்ளி ஃபைனு, பன்னெண்டு ரோத்தான் (பிரம்பு) அடி, பொதுவா இதான் எல்லை. செஷன்ஸ் கோர்ட்டு தூக்கு தண்டனை வரக்கூடிய கேஸ தவிர மத்த எல்லாத்தயும் எடுக்கும். தூக்கு வரக்கூடியது மட்டும் ஹை கோர்ட்டு. 2023 ஜூலை 4லேர்ந்து கட்டாயத் தூக்குங்கறது எடுபட்டுப் போச்சு, ஜட்ஜு பாத்து ஜெயில் தண்டனையும் குடுக்கலாம், ஆனா தூக்கு முழுசா போயிடல, அத பல பேரு தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. ஜூரியெல்லாம் சினிமாவுலதான், நம்ம நாட்டுல 1995லயே ஒழிச்சாச்சு, ஜட்ஜு ஒருத்தர்தான் கேட்டு முடிவு பண்ணுவாரு.

காசு கேஸுல தொகைய வச்சுதான் எடம். ஒரு லட்சம் வெள்ளி வரைக்கும் மஜிஸ்ட்ரேட், ஒரு மில்லியன் வரைக்கும் செஷன்ஸ், அதுக்கு மேல ஹை கோர்ட்டு. 2013 மார்ச்சுக்கு முன்னாடி இது இருபத்தஞ்சாயிரம், ரெண்டரை லட்சம்னு இருந்துச்சு, பழைய கணக்க சொல்றவங்க இன்னமும் இருக்காங்க, நம்பாதீங்க. இதுல ஒரு விதிவிலக்கு நம்மாளுங்களுக்கு ரொம்ப முக்கியம்: ரோட்டுல மோட்டார் ஆக்சிடெண்ட் கேஸு எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும் செஷன்ஸ்லயே போடலாம், வீட்டு ஓனர் வாடகக்காரர் தகராறும் அப்படித்தான்.

ஆக்சிடெண்டுன்னு வந்ததும் ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்பத்திரி வார்டுலயே வந்து "அண்ணே நான் லோயர் ஆபீஸ் ஆளு, இங்க ஒரு சைன் போடுங்க, வர்ற காசுல இத்தன பெர்சண்ட் போதும்"னு நிக்கிற ஆளுங்ககிட்ட சைன் போடாதீங்க. ஜெயிச்ச காசுல பெர்சண்ட் பேசி ஃபீஸ் வாங்க இந்த நாட்டுல லோயருக்கு சட்டம் எடம் குடுக்கல. நீங்களா போய் ஒரு லோயர பாக்க டைம் இருக்கு, காயத்துக்கு கேஸ் போட பொதுவா ஆறு வருஷம். ஆனா ஆளு செத்துப் போயி அவர நம்பியிருந்த குடும்பம் கேக்கற இழப்பீடுன்னா செத்த நாள்லேர்ந்து மூணே வருஷம், இடிச்சது அரசாங்க வண்டின்னா அதுக்கும் மூணே வருஷந்தான்.

சின்னக் காசுக்கு லோயர் வேணாம்

கடையில ஃப்ரிட்ஜு வாங்கி ரெண்டு மாசத்துல செத்துப் போச்சு, கல்யாணத்துக்கு கேட்டரிங்குக்கு டெபாசிட் கட்டி ஆளு வரல, ஒர்க்‌ஷாப்ல வண்டிய விட்டா இன்னும் மோசமாக்கிக் குடுத்துட்டான், இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டே வேணாம். திரிபுனல் துந்துதான் பெங்குனா, அதாவது பயனீட்டாளர் திரிபுனல் இருக்கு. அம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் கேக்கலாம், 2019க்கு முன்னாடி இருபத்தஞ்சாயிரந்தான் இருந்துச்சு. ஃபீஸ் அஞ்சு வெள்ளி. மூணு வருஷத்துக்குள்ள போடணும். ரெண்டு பக்கமும் லோயர் கூட்டிட்டு வரக்கூடாது, அதான் இதுல நமக்கு லாபமே, பெரிய கம்பெனியா இருந்தாலும் அவன் ஆபீஸ் ஆளத்தான் அனுப்பணும். தீர்ப்பு வந்து பதினாலு நாளுக்குள்ள அவன் கட்டலன்னா அது கிரிமினல் குத்தம், அதனால பெரும்பாலும் கட்டிடுவாங்க.

ரெண்டு பேருக்குள்ள கைமாத்து, குத்தகை பாக்கி, வேலிய இடிச்சுட்டான், இப்படி கடை கம்பெனின்னு இல்லாத சின்ன தொகைக்கு மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுலயே ஸ்மால் கிளைம்னு ஒரு வழி இருக்கு. 2012 ரூல்ஸுல அஞ்சாயிரம் வெள்ளிதான் வரம்பு. தனி ஆளுதான் போடலாம், கம்பெனி போட முடியாது, போடற ஆளு லோயர் வைக்க முடியாது. பாரம் 198னு கவுண்டர்ல கேளுங்க. அதுல யாரு, எவ்வளவு, எதுக்குன்னு நாலு வரியில எழுதணும், இங்கதான் நம்மாளுங்க கதை எழுதறாங்க, "2015ல என் தங்கச்சி கல்யாணத்துல இருந்தே அவனுக்கு என் மேல பொறாம"ன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். மஜிஸ்ட்ரேட்டுக்கு அது வேணாம். "இந்தத் தேதி, இவ்வளவு காசு, இந்த பேங்க் டிரான்ஸ்ஃபர், திருப்பித் தர்றேன்னு வாட்ஸாப்புல இந்தத் தேதியில சொன்னாரு, தரல." அவ்வளவு போதும், வாட்ஸாப்ப பிரிண்ட் எடுத்து நம்பரும் தேதியும் தெரியற மாதிரி சேருங்க. எதிராளிக்கு பாரம் போய் சேந்ததும் அவரு பதினாலு நாள்ல பதில் போடணும்.

கடன் வாங்கி எத்தன வருஷம் ஆச்சுன்னு பாத்துக்கோங்க. ஒப்பந்தம், கடன் எல்லாம் பொதுவா ஆறு வருஷம். அதுக்கப்பறம் எதிராளி "லேட்டு"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், கேஸு காலி.

ஆபீஸ் மேசையில கெடக்கற கடுதாசி

இதத்தான் கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா தோட்டத்துல நடக்கற பாதி அநியாயம் இங்கதான் நடக்குது. உங்க மேல யாராச்சும் கேஸ் போட்டா, பேங்கு வண்டி லோனுக்கு போடட்டும் இல்ல கம்பெனி வீட்ட காலி பண்ணச் சொல்லி போடட்டும், ரிட் சம்மன், அதாவது கேஸ் போட்டிருக்குன்னு சொல்ற கோர்ட்டு கடுதாசி, உங்களுக்கு வரணும். நேர்ல கையில குடுக்கலாம், இல்ல கடைசியா தெரிஞ்ச அட்ரஸுக்கு வாங்கினதுக்கு கையெழுத்து கேக்கற ஏ.ஆர். ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பலாம். தோட்டத்து அட்ரஸ்னா என்ன, லயத்து வீட்டுக்கு, அதான் தோட்டத்துல வரிசையா கட்டிக் குடுத்த வீட்டுக்கு, நம்பர் இருந்தாலும் தபால் எல்லாம் ஆபீஸுக்கு வந்து கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) மேசைக்கு பக்கத்துல இருக்கற அந்த மரப்பெட்டியில கெடக்கும், ரெஜிஸ்டர் தபாலுக்கு யாராச்சும் ஒரு கையெழுத்து போட்டு வாங்கி வச்சிருப்பாங்க, நீங்க காலையில அஞ்சரைக்கு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கறதுக்கு) போயி மத்தியானம் திரும்பறதுக்குள்ள ஆபீஸ் சாத்தியிருக்கும். மலாய்ல இருக்கற கவரு, மேல கோர்ட்டு சீல், "அப்பறம் பாக்கலாம்"னு டீவி மேல வச்சுடுவாங்க. ஆனா நாளு ஓட ஆரம்பிச்சாச்சு.

கடுதாசி சேந்த நாள்லேர்ந்து பதினாலு நாளுக்குள்ள நீங்க கோர்ட்டுல மெமோராண்டம் கெஹாடிரான்னு ஒண்ணு போடணும், அதாவது "நான் இருக்கேன், நான் எதிர்த்து பேசப் போறேன்"னு சொல்றது. அது போட்ட பிறகு டிஃபென்ஸ் போட இன்னும் பதினாலு நாளு. ஒண்ணும் போடலன்னா எதிர்பக்கம் ஒரு சாட்சி கூட ஏத்தாம உங்க மேல தீர்ப்பு வாங்கிடலாம், பெங்ஹாகிமான் இங்கார்னு அதுக்குப் பேரு. அப்படி வாங்கிட்டாங்கன்னா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க, அந்த ஆர்டரு கைக்கு வந்து முப்பது நாளுக்குள்ள அத ரத்து பண்ணச் சொல்லி கேக்கலாம், தபால் எனக்கு சேரவே இல்லன்னு காட்ட முடிஞ்சா நல்ல வாய்ப்பு இருக்கு. அதனால கவர தூக்கிப் போடாதீங்க, கவர்லதான் தேதி இருக்கும். சம்மன் வந்தா அது வந்த தேதிய கவர் மேலயே பேனாவுல எழுதி, யாரு கையில குடுத்தாங்கன்னும் எழுதி வைங்க.

தீர்ப்பு ஆகிட்டா கோர்ட்டுக்கு என்ன பவரு இருக்குன்னும் தெரிஞ்சுக்கணும். கோர்ட்டு ஆளு பெய்லிஃப் வந்து வீட்டு சாமான ஜப்தி பண்ணலாம், பேங்கு கணக்க முடக்கலாம், உங்கள கோர்ட்டுக்கு கூப்ட்டு வரவு செலவு கேட்டு மாசம் இவ்வளவு கட்டுன்னு ஆர்டர் போடலாம். ஒரு லட்சம் வெள்ளிக்கு கொறயாத கடனா இருந்தா பேங்க்ரப்டும் ஆக்கலாம். ஆனா இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி) உள்ள இருக்கற காச எந்தக் கடன்காரனும் கோர்ட்டு மூலமா தொட முடியாது. இத வச்சு மெரட்டற ஆளுங்க இருக்காங்க, "உன் இ.பி.எஃப்ப எடுத்துடுவேன்"னு, சும்மா பேச்சு.

லயத்து வீடு: வாடகைக்கு விட்ட வீட்டுல, வாடகை முடிஞ்சும் ஆளு இருந்தா ஓனரு கோர்ட்டுக்கு போய்தான் காலி பண்ண வைக்கணும்னு 1950 சட்டத்துலயே இருக்கு, தானா வந்து பூட்டு மாத்தறது, கூரைய பிரிக்கறது எல்லாம் கூடாது. தோட்டத்துல வேலைக்குன்னு குடுத்த வீடு வாடகையா இல்ல வெறும் அனுமதியாங்கறதுலதான் சண்டையே நடக்கும், அது ஒவ்வொரு கேஸுக்கும் மாறும், அங்க கண்டிப்பா லோயர் வேணும். வீட்டுக்கு சம்பளத்துல பிடிச்சிருந்தா அந்த பே-ஸ்லிப்ப ஒண்ணு விடாம எடுத்து வைங்க.

வேலைய விட்டு தூக்கிட்டாங்கன்னா

இதுக்கு மஜிஸ்ட்ரேட் இல்ல, செஷன்ஸ் இல்ல. ரெண்டு தனித்தனி வழி, ரெண்டயும் கொழப்பிக்கறதுதான் பிரச்சன.

சம்பள பாக்கி, ஓ.டி., லீவு காசு, நோட்டீஸ் காசு, இதெல்லாம் லேபர் ஆபீஸு. ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுல இருக்கற அதிகாரியே கோர்ட்டு மாதிரி உக்காந்து விசாரிச்சு ஆர்டர் போடுவாரு, 1955 வேலைச் சட்டத்துல அந்த பவரு இருக்கு. 2025லேர்ந்து கொறஞ்ச சம்பளம் 1,700 வெள்ளி, அதுக்கு கீழ குடுத்தாலும் இங்கதான் போகணும். முதலாளி அந்த ஆர்டர மதிக்கலன்னா அத கீழ்க்கோர்ட்டுல பதிஞ்சு கோர்ட்டு தீர்ப்பு மாதிரியே வசூல் பண்ணலாம்.

வேலைய விட்டே காரணம் இல்லாம தூக்கிட்டாங்க, இல்ல ரிசைன் பண்ண வச்சுட்டாங்கன்னா அது பெர்ஹுபுங்கான் பெருசஹான் (தொழில் உறவு) ஆபீஸு, 1967 சட்டம், செக்‌ஷன் 20. அறுபது நாள். கடைசி வேலை நாள்லேர்ந்து அறுபது நாளுக்குள்ள நீங்க எழுத்துல குடுக்கணும், அறுபத்தொண்ணாவது நாளு போனா எடுக்க மாட்டாங்க, அழுதாலும் சரி ஒய்.பி. (எம்.பி., சட்டமன்ற உறுப்பினர்) கடுதாசியோட போனாலும் சரி. நம்ம ஊர்ல என்ன நடக்கும்னா, மொத மாசம் மேனேஜர்கிட்ட பேசிப் பாப்பாங்க, அப்பறம் கோயில் தலைவர் மூலமா, அப்பறம் ஒய்.பி. ஆபீஸ்ல மனு குடுத்துட்டு "அவரு பாத்துக்கறேன்னு சொன்னாரு"ன்னு காத்துக்கிட்டே இருப்பாங்க, கம்பெனி ஆளும் "பேசலாம் பேசலாம்"னு இழுப்பான், ஏன்னா அவனுக்கு அந்த அறுபது நாளு கணக்கு தெரியும். பேசறத பேசுங்க, மனுவ மொதல்ல போட்டுட்டு பேசுங்க. போட்டதும் அவங்களே ரெண்டு பக்கத்தயும் கூப்ட்டு சமரசம் பேசுவாங்க, ஒத்து வரலன்னா கேஸு மஹ்காமா பெருசஹானுக்கு, அதாவது தொழில் நீதிமன்றத்துக்கு, போகும். முன்னாடி மினிஸ்டரு பாத்து முடிவு பண்ணணும்னு இருந்துச்சு, 2021லேர்ந்து அது இல்ல, நேரா அனுப்பிடுவாங்க. அந்தக் கோர்ட்டுக்கு வேலைய திருப்பிக் குடுன்னு சொல்லவும் பவரு இருக்கு, பேக் வேஜஸ் (வேலையில்லாம இருந்த காலத்து சம்பளம்) அதிகபட்சம் இருபத்துநாலு மாசம். யூனியன் மெம்பரா இருந்தா யூனியன் ஆளே உங்களுக்காக பேசலாம், அதுக்குத்தான் மாசாமாசம் சந்தா கட்டறீங்க, கேளுங்க.

பையன பாலாய்க்கு கொண்டு போய்ட்டாங்க

மொதல்ல எந்த பாலாய், இன்வெஸ்டிகேட்டிங் ஆபீசர் பேரு என்ன, எந்தச் செக்‌ஷன், இந்த மூணயும் கேட்டு எழுதுங்க. செக்‌ஷன் நம்பர்லதான் எல்லாம் இருக்கு. பிடிச்ச போலீஸு ஏன் பிடிச்சோம்னு சொல்லணும், சொந்தக்காரருக்கு போன் பண்ண விடணும், லோயர பாக்க விடணும், சட்டத்துல எழுதியிருக்கு. இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல வைக்கணும்னா மஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி ரிமாண்ட் வாங்கணும், இது அரசியல் சாசனம் அஞ்சாவது பிரிவு. பதினாலு வருஷத்துக்கு கீழ தண்டனை உள்ள குத்தம்னா மொத தடவ நாலு நாளு, ரெண்டாவது தடவ மூணு நாளு. பதினாலு வருஷமோ அதுக்கு மேலயோன்னா ஏழு, திரும்ப ஏழு. ரிமாண்டுங்கறது தண்டனை இல்ல, விசாரிக்க குடுக்கற டைம். மஜிஸ்ட்ரேட்டுக்கு போலீஸ் கேட்டத விட கொறச்சு குடுக்கவும் பவரு இருக்கு, குடுக்காம விடவும் பவரு இருக்கு, அதனாலதான் அந்தக் காலையில லோயர் ஒருத்தர் நின்னா நல்லது. 2012லேர்ந்து ஒய்.பி.ஜி.கே.ன்னு சட்ட உதவி அறவாரியம் இருக்கு, ரிமாண்டுக்கு அவங்க லோயர் வருவாங்க, உங்ககிட்ட காசு கேக்க மாட்டாங்க. கோர்ட்டு வாசல்ல வந்து "நான் சொன்னா விட்டுடுவாங்க, ரெண்டாயிரம் குடு"ன்னு சொல்றவன் லோயர் இல்ல.

போக்கா (குற்றத் தடுப்புச் சட்டம்), சோஸ்மா (பாதுகாப்புக் குத்தங்களுக்கான தனிச் சட்டம்)னு போலீஸ் சொன்னாங்கன்னா மேல சொன்ன கணக்கு எதுவும் ஓடாது. போக்காவுல இருபத்தொரு நாளு, அப்பறம் முப்பத்தெட்டு நாளு. சோஸ்மாவுல இருபத்தெட்டு நாளு வரைக்கும், அதுவும் மஜிஸ்ட்ரேட்டுகிட்ட போகாமலே. நம்ம பசங்கள கேங்குன்னு சொல்லி இந்த ரெண்டுலதான் நெறய எடுக்கறாங்க. அங்க கேக்க வேண்டிய எடம் ஹை கோர்ட்டு, ஹேபியஸ் கார்பஸ், "ஆள சட்டப்படிதான் வச்சிருக்கீங்களான்னு காட்டு"ன்னு கேக்கற மனு. அன்னிக்கே லோயர பாருங்க.

பதினெட்டு வயசுக்கு கீழன்னா பிள்ளைங்க கோர்ட்டு. மஜிஸ்ட்ரேட்டோட ரெண்டு ஆலோசகரும் உக்காருவாங்க, வெளி ஆளுங்க உள்ள வர முடியாது, பேரு படம் எதுவும் வெளிய போடக்கூடாது. நம்ம ஆளுங்களே வாட்ஸாப் குரூப்புல பையன் படத்த போட்டு "பாவம் பாருங்க"ன்னு அனுப்பறாங்க, வேணாம் லா.

சார்ஜ் பண்ணிட்டாங்கன்னா ஜாமின் கேக்கலாம், ஜாமின் நிக்கறவரு ஐ.சி.யோட (அடையாள அட்டையோட) வரணும், ஆளு ஓடிட்டா அந்தக் காசு போச்சு, கேஸ் முடியற வரைக்கும் அவரு பொறுப்பு. "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சுடும்"னு யாராச்சும் சொன்னா அவசரப்படாதீங்க. குத்தத்த ஒத்துக்கிட்டா அப்பறம் தண்டனை அதிகம்னு மட்டுந்தான் அப்பீல் பண்ணலாம், நான் பண்ணலன்னு திரும்ப சொல்ல முடியாது.

இன்னொண்ணு, "புகார் குடுத்த ஆளு கேஸ வாபஸ் வாங்கிட்டா முடிஞ்சுடும்ல"ன்னு கேட்டு ரெண்டு குடும்பமும் கோயில்ல வச்சு சமரசம் பேசி கையெழுத்தும் போட்டுட்டு வருவாங்க. கிரிமினல் கேஸு புகார் குடுத்தவரோடது இல்ல. போலீஸ் விசாரிக்கும், சார்ஜ் பண்றதா வேணாமான்னு முடிவு பண்றது டி.பி.பி. (அரசாங்கத் தரப்பு வக்கீல்), அவங்களுக்கு மேல அட்டர்னி ஜெனரல். சமரசக் கடுதாசிய அவங்ககிட்ட குடுக்கலாம், அவங்க பாத்து விட்டாத்தான் உண்டு. மஜிஸ்ட்ரேட்டே நெனச்சாலும் டி.பி.பி.ய "இவன சார்ஜ் பண்ணாத"ன்னு சொல்ல முடியாது.

வீட்டுல அடி ஒதைன்னா அந்தப் பொண்ணு பாலாய்ல ரிப்போர்ட் போட்டதும், விசாரணை நடக்கற வரைக்கும் கிட்ட வராதன்னு மஜிஸ்ட்ரேட் பாதுகாப்பு ஆர்டர் குடுக்கலாம். அவசரம்னா கெபாஜிக்கான் (சமூகநல) ஆபீஸே ஏழு நாளைக்கு ஒரு ஆர்டர் குடுக்கலாம், அதுக்கு கோர்ட்டுக்கே போக வேண்டாம். இது குடும்ப விஷயம் போயி பேசிக்கோங்கன்னு யாரு சொன்னாலும் ரிப்போர்ட் காப்பி இல்லாம பாலாய விட்டு எந்திரிக்காதீங்க.

ஈப்போவுக்கு போயே ஆக வேண்டியது

விவாகரத்து ஹை கோர்ட்டு மட்டுந்தான். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா சேந்து மனு போடலாம், ஒருத்தர் மட்டும் கேட்டா பொதுவா மொதல்ல ஜே.பி.என். (தேசிய பதிவிலாகா) சமரசக் குழுவுக்கு போயிட்டுத்தான் வரணும். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகலன்னா சாதாரணமா எடுக்க மாட்டாங்க. அப்பா பேருல நெலம் இருந்து உயில் இல்லாம போய்ட்டாருன்னா உடனே ஹை கோர்ட்டுன்னு ஓடாதீங்க, சின்னச் சொத்துன்னா புசாக்கா கெச்சில் பிரிவுலயே பிரிச்சுக் குடுப்பாங்க, அந்த வரம்பு ரெண்டு மில்லியன்ல இருந்து 2024ல அஞ்சு மில்லியன் ஆயிடுச்சு, நம்ம ஊர்ல யாருக்கு அதுக்கு மேல இருக்கு.

அரசாங்க ஆபீஸ் ஒண்ணு எடுத்த முடிவு சட்டத்துக்கு விரோதம்னா, நெலத்து ஆபீஸா இருக்கட்டும் ஐ.சி. குடியுரிம விஷயமா இருக்கட்டும், அத ஜுடிஷியல் ரிவ்யூன்னு ஹை கோர்ட்டுலதான் கேக்கணும், மூணு மாசத்துக்குள்ள. இந்த பவர்தான் கோர்ட்டுக்கு இருக்கற பெரிய பவருன்னு நான் சொல்லுவேன், அதுக்காக சண்டையும் நடந்திருக்கு. 1988ல அரசியல் சாசனம் 121வது பிரிவ மாத்தி நீதி அதிகாரம் கோர்ட்டுகிட்ட இருக்குங்கற வரிய எடுத்தாங்க, அதே வருஷம் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸையும் பதவிய விட்டு தூக்குனாங்க. ஷரியா கோர்ட்டு விஷயத்துல சிவில் கோர்ட்டு தலையிட முடியாதுங்கற வரியும் அப்பதான் வந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு, 2018 ஜனவரி 29ல, நம்ம ஈப்போ அம்மா ஒருத்தர் தன் பிள்ளைங்கள தனக்குத் தெரியாம மதம் மாத்துனத எதிர்த்து போட்ட கேஸுல ஃபெடரல் கோர்ட்டு அஞ்சு ஜட்ஜும் ஒரே முடிவா, ஒரு அரசாங்க அதிகாரி செஞ்சது சட்டப்படி சரியான்னு பாக்கற பவர சிவில் ஹை கோர்ட்டுகிட்ட இருந்து யாரும் எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க, பிள்ளைய மதம் மாத்த அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்னும் சொன்னாங்க. ஷரியா கோர்ட்டுக்கு முஸ்லிம் ஆளுங்க மேல மட்டுந்தான் பவரு, உங்களுக்கு அங்கேர்ந்து ஏதாச்சும் கடுதாசி வந்தா பயந்து போய் நிக்காம லோயர்கிட்ட காட்டுங்க.

கோர்ட்டு அன்னிக்கு

ஐ.சி., சம்மன், எல்லா ஒரிஜினலும். கால்சட்டை நீளமா, சட்டைக்கு காலர், சிலிப்பர் வேணாம். ஒம்பது மணிக்கு மேலதான் கூப்புடுவாங்க, ஆனா எட்டரைக்கே போயி வெளிய போர்டுல ஒட்டியிருக்கற லிஸ்டுல உங்க கேஸ் நம்பர், எந்த ரூம்னு பாருங்க. பேருக்கு நேரா செபுத்தான்னு போட்டிருந்தா அன்னிக்கு விசாரணை இல்ல, அடுத்த தேதி குடுக்கற நாளு, சாட்சிங்கள லீவு போட வச்சு கூட்டிட்டு போகாதீங்க. பிச்சாரான்னு போட்டிருந்தாத்தான் விசாரணை. மஜிஸ்ட்ரேட்டயும் செஷன்ஸ் ஜட்ஜயும் ஆம்பளைன்னா துவான், பொம்பளைன்னா புவான்னு கூப்புடணும், ஹை கோர்ட்டுல யாங் ஆரிஃப்.

கோர்ட்டு மொழி மலாய். பாட்டிமாரு தாத்தாமாரு புரியாம "யா, யா"ன்னு தலையாட்டறாங்க, அந்த "யா" ரெக்கார்டுல போய்டும். புரியலன்னா "சாயா மிந்தா ஜுருபஹாசா தமிழ்" (எனக்கு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்)னு சத்தமா சொல்லுங்க, கிரிமினல் கேஸுல குத்தம் சாட்டப்பட்டவருக்கு புரியற மொழியில சொல்லணும்னு சட்டமே இருக்கு. மொழிபெயர்க்கறவரு அன்னிக்கு இல்லன்னா கேஸ தள்ளி வைப்பாங்க, இன்னொரு நாளு கூலி போகும்தான், அதுக்காக புரியாத சார்ஜுக்கு பதில் சொல்லாதீங்க. வர முடியாத அளவுக்கு சீக்குன்னா எம்.சி. (டாக்டர் சர்டிஃபிகேட்) எடுத்து அன்னிக்கு காலையிலயே கோர்ட்டுக்கு தெரியப்படுத்துங்க, கிரிமினல் கேஸுல சும்மா போகாம இருந்தா வாரண்டு வரும்.

தோத்துட்டா

மஜிஸ்ட்ரேட், செஷன்ஸ் ரெண்டுலேர்ந்தும் அப்பீல் ஹை கோர்ட்டுக்கு, பதினாலு நாள். சிவில் கேஸு பத்தாயிரம் வெள்ளிக்கு மேல இருக்கணும், இல்லன்னா சட்டப் பிரச்சனைய மட்டுந்தான் கெளப்ப முடியும். ஹை கோர்ட்டுலேர்ந்து அப்பீல் கோர்ட்டுக்கு சிவில்ல முப்பது நாளு, தொகை ரெண்டரை லட்சத்துக்கு கீழன்னா மொதல்ல அனுமதி வாங்கணும். ஃபெடரல் கோர்ட்டுக்கு சிவில் கேஸ் எதுவா இருந்தாலும் அனுமதி இல்லாம உள்ள போக முடியாது, கிரிமினல்ல ஹை கோர்ட்டுல ஆரம்பிச்ச கேஸு மட்டுந்தான் அங்க வரைக்கும் ஏறும். செஷன்ஸ்ல ஆரம்பிச்சது அப்பீல் கோர்ட்டோட நின்னுடும். அதனால "ஃபெடரல் கோர்ட்டு வரைக்கும் போலாம்"னு சொல்லி காசு கேக்கறவங்ககிட்ட கேஸு எந்தக் கோர்ட்டுல ஆரம்பிச்சுச்சுன்னு மொதல்ல கேளுங்க.

அப்பீல் நோட்டீஸ மேல் கோர்ட்டுல போய் குடுக்கறது இல்ல, தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டு கவுண்டர்ல குடுக்கணும். லோயர் கெடைக்கலன்னா பதினாலாவது நாளு வரைக்கும் தேடிக்கிட்டே இருக்காதீங்க, பாரத்த கேட்டு வாங்கி நீங்களே நெரப்பி குடுத்து சீல் அடிச்ச காப்பிய கையில வாங்கிடுங்க, அதுக்கப்பறம் ஜபாத்தான் பந்துவான் குவாமானுக்கோ (அரசாங்க சட்ட உதவி இலாகா) பார் கவுன்சில் சட்ட உதவி மையத்துக்கோ அந்தக் காப்பியோட போனா அவங்களுக்கும் வேலை செய்ய நேரம் இருக்கும்.